சிங்கப்பூர் - சென்னை: நாலே கால் மணி நேரம்தானா?

 

சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. பயண நேரம் ஏறக்குறைய நாலே கால் மணி. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் அங்கே காலை 8-க்குக் கிளம்பினால் நம்ம நேரம் 10-க்குள் இறங்கிவிடலாம்.

போன வருஷம் ஆயா ராத்திரி தவறியபோது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அந்த 8 மணி ஃப்ளைட்தான் கிடைத்தது. நெட்டில் பார்த்துக் கணக்குப் போட்டது நான். மீனம்பாக்கத்திலிருந்து நெய்வேலி 200 கி.மீ. கூட இல்லை. "2 மணிக்கெல்லாம் வந்துடும்பா" என்றேன். பி.காம். படிக்கிற பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அப்பாவும் பெரியவர்களிடம் அதையே சொல்லிவிட்டார்.

இமிக்ரேஷன் வரிசை, பெட்டிக்காகக் காத்திருந்தது, தாம்பரம் நெரிசல், டோல்கேட்... எதுவும் என் கணக்கில் இல்லை. எங்க டவுன்ஷிப்பிலேயே ஒரு விமான ஓடுதளம் உண்டு. ஆனால் அக்கா வந்தது காரில்தான். இங்கே 2.45 வரை பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிக்கணும் என்று எடுத்துவிட்டார்கள். அக்கா ஆர்ச் கேட் தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது 3.15. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

2,900 கி.மீ.க்கு நாலே கால் மணி. மீதி 200-க்கு ஐந்தரை மணி. அக்கா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் உறுத்துகிறது.

உங்க வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்தால், வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்க. யாராவது கேட்டால் இரண்டு மணி நேரம் கூட்டியே சொல்லுங்க.