ரெண்டு பாரா, நடுவுல கடலை

உளுந்து மூட்டையைப் போட்டுட்டு, சிதம்பரத்துல எப்பவும் வாங்குற பார்சல் கடையில இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் கட்டச் சொன்னேங்க. மகன் செல்போனை நீட்டினான். டிரினிடாட் தீவுல ஒரு ரோட்டோரக் கடை. மஞ்சள் சேர்த்த மாவுல பொரிச்ச ரெண்டு 'பாரா', நடுவுல கொண்டைக்கடலைக் குழம்பு, தாள்ல சுத்திக் குடுக்குறாங்க. பேரு டபுள்ஸ். வடைக்கு வடக்கே 'படா'ம்பாங்க. அதுதான் அங்க பாரா.

1845-லிருந்து 1917 வரைக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளா கப்பலேறின நம்ம நாட்டுச் சனங்களோட கைப்பக்குவம். பெரும்பாலும் கல்கத்தாவுலேருந்து, கொஞ்சம் பேர் சென்னையிலேருந்தும் போனாங்க. பலபேர் திரும்பவே இல்ல.

"வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டணும்பா"ன்னான்.

உளுந்துக் காசு சட்டைப்பையில இருந்துச்சு. அடுத்த பட்டத்துக்கு விதை, உரம் எல்லாம் அதுலதான்.

"கொத்சு ஆறிடும், வா"ன்னு மட்டும் சொன்னேன்.