படகும் சுவரும்: ஊர் கடந்து சமூகப் பணி கற்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு



வெள்ளிதோறும் நாம் ஓதிவரும் கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு கல்விப் பயணம் இடம்பெற்றுள்ளது (18:60-82). மக்களுள் மிகவும் கற்றவர் யார் என்று வினவப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் தம்மையே குறிப்பிட்டார்கள். அவர்களைவிட வேறொரு துறையில் அதிகம் அறிந்த அடியார் ஒருவர் இரு கடல்கள் கூடுமிடத்தில் இருப்பதாக அல்லாஹ் அறிவித்தான். அந்த மாபெரும் நபி உடனே ஓர் இளைஞரைத் துணையாக அழைத்துக்கொண்டு, வழியுணவாக ஒரு மீனை எடுத்துக்கொண்டு, மாணவராகப் புறப்பட்டார்கள். முக்கடலும் கூடும் மாவட்டத்தில் வாழும் நமக்கு இந்த வரலாறு மிக நெருக்கமானது.

அந்தப் பயணம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஒரு படகு, ஒரு சிறுவன், ஒரு சுவர் என மூன்றே நிகழ்வுகள். மூன்று முறையும் காரணம் விளங்குமுன்னரே மூஸா (அலை) அவர்கள் கேள்வி எழுப்பினார்கள்; மூன்றாவதோடு பிரிவு வந்தது. அவர்கள் இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் நமக்கு மேலும் பல செய்திகள் கிடைத்திருக்குமே என்று நம் தலைவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆதங்கப்பட்டதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சமுதாயப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், சமூகப் பணி முதுகலைப் படிப்பை நாடிச் செல்லத் தொடங்கியுள்ளனர். சில கல்லூரிகள் அவர்களை இரண்டு மூன்று வாரங்களுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. அங்குள்ள மாணவர்களோடு ஒரே கிராமத்தில் தங்கி, சமூக மேம்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்று சேர்ந்து கற்பதே அதன் நோக்கம். இத்தகைய பயணம் தேவைதானா, ஆகுமானதுதானா, இதனால் ஊருக்கு என்ன பயன் என்று பெற்றோர் வினவுகின்றனர்.

ஒரு வாப்பாவின் கேள்வி

நமது மத்ரஸாவில் ஏழு ஆண்டுகள் ஓதிய மாணவி ஒருவரின் தந்தை வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது நம்மைச் சந்தித்தார். "உஸ்தாதே, மக சிலோனுக்குப் போகட்டுமான்னு கேக்குதா. ரெண்டு வாரம். கூடப் படிக்கிற பிள்ளைகளும் டீச்சர்மாரும் உண்டு. வேண்டாம்னு சொன்னா படிப்பையே வெறுத்துருவாளோன்னு பயமா இருக்கு. போன்னு சொன்னா நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்ல?" என்றார். அவருடைய இரு அச்சங்களும் நியாயமானவையே.

பெண் தன் மஹ்ரம் துணையின்றிப் பயணம் செய்வதைத் தடுக்கும் நபிமொழிகள் ஸஹீஹான நூல்களில் உள்ளன. கடமையான ஹஜ்ஜுக்கு, நம்பகமான பெண்கள் குழுவுடன் செல்ல ஷாஃபிஈ மத்ஹபு இடமளிக்கிறது. அந்தச் சலுகையை ஏனைய பயணங்களுக்கும் பொருத்தலாமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபத்வா வழங்குவது நமது வேலையன்று. ஆகவே மூத்த ஆலிம் ஒருவரிடம் அவரை அனுப்பினோம். ஆலோசனையின் முடிவில், மாணவியின் தாய்மாமன் உடன் சென்று, அவர்கள் தங்கிய ஊரிலேயே தங்குவது என ஏற்பாடாயிற்று. செலவு இரட்டிப்பானது. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று என்று அந்தத் தந்தை கூறினார். எனினும் மனநிறைவோடுதான் கூறினார்.

கல்விக்காகப் பயணம் மேற்கொள்வது நமக்குப் புதியதன்று. ஒரே ஒரு ஹதீஸைப் பெறுவதற்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்து அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஆகவே பயணத்தின் சிறப்பை நாம் நிறுவ வேண்டியதில்லை. அங்கே எப்படிக் கற்பது, கற்றதை என்ன செய்வது என்பவையே சிந்திக்க வேண்டியவை.

உலகம் நம் ஊருக்கு வந்து கற்ற காலம்

சமூக மேம்பாடு என்றால் வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு இங்கே இறக்குமதியான சரக்கு என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் அதன் தொடக்கப் பள்ளிகளுள் ஒன்று நம் மார்த்தாண்டத்தில் இயங்கியது. 1920-களில், இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு இங்கே கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றை நடத்தியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்க வேளாண் அறிஞர் அதனை வழிநடத்தினார். கோழி வளர்ப்பு, முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்பது, தேனீ வளர்ப்பு போன்ற சிறு தொழில்களை ஏழை உழவர்கள் தம் வீட்டு முற்றத்திலேயே செய்யக் கற்றனர். உழைப்பும் முடிவும் ஊராருடையவை, அருகிருந்து ஆலோசனை கூறுவது மட்டுமே நிபுணரின் வேலை என்பது அம்மையத்தின் கொள்கை. அங்கே நடந்த குறுகிய காலப் பயிற்சிகளுக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வெளியிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். ஹாட்ச் தம் அனுபவத்தை 1932-இல் நூலாகவும் வெளியிட்டார்.

அவர்கள் வேற்றுச் சமயத்தவர். எனினும் நற்செயலைக் கண்டால் ஒப்புக்கொள்வது நம் பண்பு. மேலும், எந்தச் சமூகமும் தன்னிலையைத் தானே மாற்றிக்கொள்ளாத வரையில் அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்ற இறைவசனத்தை (13:11) அறிந்த நமக்கு அக்கொள்கை அந்நியமானதாகத் தோன்றவில்லை.

மார்த்தாண்டம் தேன் என்றால் இன்று தமிழகமெங்கும் அறிவர். தேனீக்கு அல்லாஹ் வழங்கிய உள்ளுணர்வையும், அது பல கனிகளிலிருந்தும் உண்டு தன் இறைவன் வகுத்த பாதைகளில் செல்வதையும், அதன் வயிற்றிலிருந்து மக்களுக்கு நிவாரணமான பானம் வெளிவருவதையும் நஹ்ல் அத்தியாயம் எடுத்துரைக்கிறது (16:68-69). தேனீ தொலைதூரம் செல்கிறது. ஆனால் தேனைத் தன் கூட்டில்தான் வைக்கிறது. கல்விக்காக ஊர் கடப்பவருக்கு இதைவிட நல்ல உவமை நாம் அறியோம்.

அதே ஹாட்ச் பிற்காலத்தில், 1950-ஆம் ஆண்டையொட்டி, யுனெஸ்கோ சார்பில் இலங்கையின் மின்னேரியாவில் அடிப்படைக் கல்வித் திட்டத்தை நடத்தச் சென்றார். அதே நாட்டில் 1958-இல் கொழும்பு நாலந்தா கல்லூரியின் ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தம் மாணவர்களை ஒதுக்கப்பட்ட ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்று, ஊராரோடு சேர்ந்து உழைக்கச் செய்தார். அந்தச் சிரமதான முகாமிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. நம் மாணவி சென்ற வழியில் அவருக்கு முன்னரே பலர் சென்றுள்ளனர் என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறோம்.

படகு தரும் எச்சரிக்கை

ஹிள்ரு (அலை) அவர்கள் ஏறிச் சென்ற படகு கடலில் உழைக்கும் ஏழைகளுடையது. பழுதற்ற படகுகளையெல்லாம் ஓர் அரசன் அபகரித்து வந்ததால், அதனைக் காக்கவே அவர்கள் அதில் பழுதை உண்டாக்கினார்கள். பார்வைக்குத் தீங்கு, உண்மையில் உதவி.

இதற்கு நேர்மாறானதும் உலகில் நடப்பதுண்டு. 1953-இல், நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலத்தில், கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கப்பட்டது. ஏழை மீனவரின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்துவதே அதன் நோக்கம். மருத்துவ வசதி, குடிநீர் ஆகிய நன்மைகள் வந்தன. ஆனால் காலப்போக்கில் விசைப்படகுகளும் இறால் ஏற்றுமதியும் மேலோங்கின. முதலீடு உள்ளவர்கள் வளர்ந்தனர். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றவர்கள் அதே கடலில் விசைப்படகுகளோடு போட்டியிட நேர்ந்தது. அந்தப் பிணக்கை நம் கடற்கரை ஊர்களும் அறியும். பார்வைக்கு உதவி, விளைவிலோ பலருக்கு இழப்பு.

நம் முட்டத்தில் நடந்தது வேறு வகை. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே, கட்டுமரத்துக்கு மாற்றாக அலையைத் தாண்டிச் செல்லவும் கரையேற்றவும் ஏற்ற ஒட்டுப்பலகைப் படகுகளை, 1970-களிலும் அதன் பின்னரும் மீனவரோடு சேர்ந்து உருவாக்கினார். செய்து பார்ப்பதும், கடலில் விடுவதும், குறை கேட்டுத் திருத்துவதுமாக அந்தப் பணி நீண்டது. அந்த இடர்ப்பாடுகளை அவரே ஒரு நூலில் எழுதியுள்ளார்.

இவற்றுக்கிடையிலான வேறுபாடு மாணவர்கள் மனத்தில் பதிய வேண்டும். ஹிள்ரு (அலை) அவர்கள் படகுக்காரரிடம் கேட்காமலே செயல்பட்டார்கள். ஏனெனில் மறைவான உண்மையை அல்லாஹ் அவர்களுக்கு அறிவித்திருந்தான். தம் விருப்பப்படி அதைச் செய்யவில்லை என்று அவர்களே இறுதியில் தெளிவுபடுத்தினார்கள். நமக்கு அத்தகைய அறிவிப்பு வருவதில்லை. ஆகவே நாம் கேட்டுத்தான் அறிய வேண்டும். படகைத் தொடுமுன் படகுக்காரரிடம் கேட்பதே சமூகப் பணியின் முதல் ஒழுக்கம்.

கற்று வந்தவர் எழுப்பிய சுவர்

பயணம் முடிந்து திரும்பிய மாணவி நம்மிடம் கூறிய ஒரு செய்தி இதனையே உறுதிப்படுத்தியது. அவர்கள் தங்கிய கிராமத்தில் கிணறு வெகுதொலைவில் இருந்தது. புதுக் கிணறுதான் முதல் தேவை என்று இரு நாட்டு மாணவர்களும் முதல் நாளே எழுதி வைத்துவிட்டனர். பின்னர், பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்னும் முறைப்படி, அவ்வூர்ப் பெண்களே தரையில் கோலப்பொடியால் தங்கள் ஊரை வரைந்தனர். கிணற்றுக்கு நடப்பது அவர்களுக்குச் சுமையாக இல்லை. பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வாய்க்கும் நேரமே அதுதான். மாலையில் அந்த வழி இருண்டு கிடப்பதே அவர்களுடைய துன்பம். கிணறு கேட்காத ஊருக்குக் கிணறு தோண்ட இருந்தோமே என்று மாணவர்கள் தமக்குள் பேசிக்கொண்டனராம்.

அதே முறையை நம் மஹல்லாவிலும் செய்து பார்க்க அவர் அனுமதி கேட்டார். ஜமாஅத் நிர்வாகிகள் முதலில் தயங்கினர். அப்போது அவர்கள் முன் இருந்த பேச்செல்லாம் திருமண மண்டபம் பற்றியது. அஸருக்குப் பிறகு மத்ரஸா கூடத்தில் பிள்ளைகளின் உம்மாமார் மட்டும் கூடினர். அவர்கள் வரைந்த ஊர்ப்படத்தில் மண்டபம் இடம்பெறவில்லை. வீடுகளைக் குறித்தனர், அவற்றுள் சிலவற்றின் மீது புளியங்கொட்டை வைத்தனர். ஆண்மக்கள் வளைகுடாவில் இருக்க, வயது முதிர்ந்த பெண்கள் தனித்து வாழும் வீடுகள் அவை. மொத்தம் பதினேழு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமென்றால் உடன்வர ஆளின்றி, மருந்து முடிந்த பின்னும் நாட்களைக் கடத்துபவர்கள் அவர்கள். அதே தெருவில் நாள்தோறும் நடக்கும் நமக்கும் அந்தப் பதினேழு வீடுகள் ஒருசேர அன்றுதான் கண்ணில் பட்டன.

அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்த ஜமாஅத் தலைவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் இரு பெண் தன்னார்வலர்களும், ஊரின் ஆட்டோ ஓட்டுநர்கள் மூவரும் முறைவைத்துப் பொறுப்பேற்றனர். வாடகைக்கு பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. மண்டபத் திட்டம் கைவிடப்படவில்லை. சற்றுப் பின்னுக்குச் சென்றது. அல்ஹம்துலில்லாஹ், அந்த ஏற்பாடு இன்றும் நடைபெறுகிறது.

உணவளிக்க மறுத்த ஊரில், கூலி பெறாமல், அநாதைச் சிறுவர் இருவரின் சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் நிமிர்த்தினார்கள். அதன் அடியில் அச்சிறுவர்களின் புதையல் இருந்தது. பலவீனர்க்குரியதை அவர்களுக்காகக் காத்து நிற்கும் சுவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் காணக் கற்றுக்கொள்வதற்காகத்தான் இத்தனை தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது.

அனுப்பும் பெற்றோருக்கு

பிள்ளை இத்தகைய பயணத்துக்குக் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே இசையவும் வேண்டாம். எங்கே தங்குவர், உடன் வருவோர் யார், தொழுகைக்கும் ஹலாலான உணவுக்கும் என்ன வழி என்று கல்லூரியிடம் நேரில் கேளுங்கள். மார்க்கச் சட்டத்தை நம்பகமான ஆலிமிடம் கேளுங்கள். தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகைக்குரிய நிபந்தனைகளைப் புறப்படும் முன்பே கற்பியுங்கள். இரண்டு வாரத்தில் ஓர் ஊரை அறிந்துவிட்டதாக எண்ண வேண்டாம் என்று கூறுங்கள். மூஸா (அலை) அவர்களுக்கே பொறுமை கடினமாக இருந்ததை நினைவூட்டுங்கள். நம்மைப் பல சமூகங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே (49:13) என்பதால், உடன் தங்கும் பிற சமய மாணவர்களிடம் நற்குணத்தோடு பழகச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும், அங்கே என்ன கண்டாய் என்று கேட்பதோடு, இங்கே இனி என்ன காண்பாய் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செவிசாய்க்க ஜமாஅத்தும் மத்ரஸாவும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். படித்து வந்த பெண்ணுக்குத் தன் மஹல்லாவில் ஓர் அமர்விடம் கிடைக்கவில்லையெனில், அவள் கொணர்ந்த தேன் வேறு கூட்டுக்குத்தான் செல்லும்.

பயன்தரும் கல்வியையும், அதனைத் தேடுவதில் பொறுமையையும், எளியோரின் தேவையைக் கேட்டறியும் பணிவையும் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! ஆமீன்.