கற்களில் எழுதப்பட்ட பெயர்கள்



தலைநகர் டெல்லியில் வாழும் தமிழ் விசுவாசிகளுக்குக் கோல் மார்க்கெட் புதிய இடமன்று. 1921-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தப் பன்னிரண்டு பக்கக் கட்டடம், நாற்சந்தியின் நடுவே வட்டமாகத் தோன்றுவதால் இந்தப் பெயரைப் பெற்றது. அதைச் சுற்றியிருந்த அரசுக் குடியிருப்புகளில், ஆங்கிலேயர் காலத்திலிருந்தே மதராஸ் மாகாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுடைய பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாது என்று 1923-இல் தொடங்கப்பட்ட கல்விச் சங்கமே இன்றைய டெல்லி தமிழ்க் கல்விக் கழகம். அதன் பள்ளிகளில் ஒன்று அருகிலுள்ள மந்திர் மார்க்கில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு முன்னோடிகள் நடந்த தெருக்கள் இவை.

ஆனால் இந்த மாதம் உங்களைக் கோல் மார்க்கெட்டிலிருந்து சற்று வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள், நம்மைப்போலவே ஊரைவிட்டுப் புறப்பட்டு, திரும்பிப் போகாதவர்களின் பெயர்கள் கல்லில் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் பேருந்தில் அமர்ந்து அவற்றைக் கடந்து போகிறோம். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு புல்வெளியில் அமர்ந்து தின்பண்டம் உண்டு திரும்புகிறோம். விசுவாசிகள் சிலரோ, "அங்கே அணையா விளக்கு எரிகிறது, மலர்வளையம் வைக்கிறார்கள், நாம் போகலாமா?" என்று தயங்கி ஒதுங்கி நிற்கிறார்கள். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. முதலில் அந்த இடங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வேதத்தின் வெளிச்சத்தில் விடை தேடுவோம்.

கீசோன் ஆற்றங்கரையில் இந்தியர்

தீன் மூர்த்தி சந்திப்பில் மூன்று வெண்கல வீரர்கள் நிற்கிறார்கள். ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் ஆகிய மூன்று சமஸ்தானங்களின் குதிரைப்படைகளைக் குறிக்க 1920-களில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் இது. 2018-இல் இந்தச் சந்திப்புக்குத் தீன் மூர்த்தி ஹைஃபா சௌக் என்று பெயர் சூட்டப்பட்டது. ஹைஃபா என்றவுடன் வேதம் வாசிக்கிற நமக்குக் கர்மேல் பர்வதம் நினைவுக்கு வரவேண்டும். அந்தப் பட்டணம் அதன் அடிவாரத்தில்தான் இருக்கிறது.

1918 செப்டம்பர் 23 அன்று, அந்தப் பட்டணத்தைத் துருக்கியப் படையிடமிருந்து கைப்பற்ற இந்தியக் குதிரைப்படையினர் அனுப்பப்பட்டார்கள். எதிரிகளிடம் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. இவர்களோ ஈட்டியும் வாளும் ஏந்திக் குதிரைமேல் சென்றவர்கள். கீசோன் ஆற்றின் கரை புதைசேறாக இருந்தபடியால் ஜோத்பூர் படை அதைக் கடக்க முடியாமல், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள குறுகிய வழியாய்த் திரும்பிப் பாய்ந்தது. மைசூர் வீரர்கள் கர்மேலின் சரிவில் ஏறி அங்கிருந்த பீரங்கிகளைப் பிடித்தார்கள். பட்டணம் அன்றே பிடிபட்டது. ஜோத்பூர் படையை நடத்திய மேஜர் தல்பத் சிங் அந்தப் போரில் மடிந்தார்.

சிசெராவின் ரதங்களைச் சிக்கவைத்த அதே கீசோன். எலியா தீர்க்கதரிசி நின்ற அதே கர்மேல். பரிசுத்த தேசப் பயணம் போகிற நம்மவர்கள் கர்மேலில் நின்று ஜெபித்துத் திரும்புகிறார்கள். அதே ஹைஃபாவில் இந்திய வீரர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

வளைவில் உள்ள பெயர்கள்

அங்கிருந்து இந்தியா கேட்டுக்கு வாருங்கள். 1921 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்த 42 மீட்டர் உயர வளைவு, முதல் உலகப் போரில் மாண்ட சுமார் 70,000 இந்திய வீரர்களை நினைவுகூருவதற்காகக் கட்டப்பட்டது. அதன் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் வடமேற்கு எல்லைப்புறத்திலும் 1919-ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள் அவை. அந்நிய அரசுக்காகப் போரிட்டவர்கள்தானே என்று சிலர் கூறுவதுண்டு. அது உண்மையே. ஆனால் மகன் திரும்பி வரவில்லை என்ற செய்தியைக் கேட்ட தாயின் கண்ணீர், எந்த அரசின் கீழும் கண்ணீர்தான். நம்முடைய தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றிலும், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்லும் சிறு கற்பலகைகள் இன்றும் காணப்படுகின்றன. கடைத்தெருவிலும் பழைய கட்டடங்களின் சுவரிலும் அவை இருப்பதால் யாரும் நின்று வாசிப்பதில்லை.

1971 போருக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று அந்த வளைவின் கீழே அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் அங்கே எரிந்த அந்தச் சுடர், 2022 ஜனவரி 21 அன்று அருகிலுள்ள தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு இணைக்கப்பட்டது.

அந்தத் தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன் என்பது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். தியாகச் சக்கரம் என்னும் வட்டத்தில் 16 சுவர்கள் நிற்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே கருங்கற்பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே பொதுமக்கள் அமைதியாக நடந்து பெயர்களை வாசிக்கலாம். கார்கிலில் 1999-இல் வீழ்ந்த திருச்சியின் மேஜர் சரவணனும், கல்வானில் 2020-இல் வீழ்ந்த இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் நம் ஊர்களிலிருந்து போனவர்களே.

நினைவுகூருதலா, வணக்கமா?

இப்பொழுது அந்தக் கேள்விக்கு வருவோம். நம்முடைய முன்னோரும் கல் நட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்துள்ளன. ஆநிரை மீட்கும்போது மாண்டவனின் பெயர், ஊர், அரசன் ஆண்ட ஆண்டு ஆகிய எல்லாவற்றையும் அவற்றில் எழுதினார்கள். எடுத்தனூரில் உள்ள ஒரு கல், வீரனோடு நின்று கள்ளரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயின் பெயரைக்கூடச் சொல்கிறது. மறவாமை என்னும் நற்குணம் தமிழனின் இரத்தத்தில் ஊறியது. ஆனால் அந்தக் கல்லுக்குப் படையல் இட்டு, இறந்தவனைத் தெய்வமாக்கி, அவனிடத்தில் வரம் கேட்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்து வந்தது. அந்த இடத்தில் நாம் விலகி நிற்கிறோம்.

யோசுவாவும் கல் நாட்டினான். யோர்தானின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்பட்டன (யோசுவா 4). எதற்காக? பிற்காலத்தில் பிள்ளைகள் பார்த்து, இவை என்ன என்று கேட்கவேண்டும். தகப்பன்மார் நடந்ததைச் சொல்லவேண்டும். அந்தக் கற்களுக்கு முன்பாக விழுந்து பணியும்படி கட்டளை இல்லை, பேசும்படிதான் கட்டளை. வேறு விதமான கற்களும் வேதத்தில் உண்டு. சவுல் கர்மேலில் தனக்கென்று ஜெயஸ்தம்பம் நாட்டினான் (1 சாமுவேல் 15:12). அப்சலோம் தன் பெயர் நிற்கவேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே தனக்குத் தூண் எழுப்பினான் (2 சாமுவேல் 18:18). தன்னை உயர்த்த நாட்டிய கல் அவனுக்கே சாட்சியாய் எதிர்த்து நிற்கும். பிறர் செய்த நன்மையை மறவாதிருக்க நாட்டிய கல் பிள்ளைகளுக்குப் பாடமாக நிற்கும்.

ஆகவே தேவஜனமே, அங்கே போங்கள். சுடரை வணங்கவேண்டிய அவசியம் இல்லை. இறந்தோரிடம் வேண்டுவது நமக்குத் தகாது. ஆனால் மௌனமாய் நில்லுங்கள், பெயர்களை வாசியுங்கள், நாம் இரவில் நிம்மதியாய் உறங்கியதற்காக ஜீவனுள்ள தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். அப்பொழுது சொல்லுங்கள்.

தாவீது குடிக்காத தண்ணீர்

போர்வீரனுடைய உயிரின் விலையை வேதம் எப்படி மதிக்கிறது என்பதை அறிய, 2 சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பெத்லெகேம் கிணற்றின் தண்ணீர்மேல் தாவீது ஆசைப்பட்டபோது, மூன்று வீரர்கள் பெலிஸ்தரின் பாளயத்தை ஊடுருவி அதை மொண்டுவந்தார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. தங்கள் உயிரைப் பணயம் வைத்தவர்களின் இரத்தமாக அதை எண்ணி, கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். நாம் அனுபவிக்கிற சமாதானமும் அப்படிப்பட்ட தண்ணீரே. அதை வீணாக்கக் கூடாது.

அதே அதிகாரம் தாவீதின் வீரர்களைப் பெயர் பெயராக எழுதி வைக்கிறது. அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் யாருடையது? ஏத்தியனான உரியா! ராஜா தன் பாவத்தை மறைக்கப் போர்முனையில் நிறுத்திக் கொலைசெய்வித்த அதே உரியா. அரசன் மறைக்க நினைத்த பெயரைப் பரிசுத்த ஆவியானவர் மறைக்கவில்லை. ஆளுகிறவர்கள் தவறான காரணத்துக்காக அனுப்பிய போரிலும், அனுப்பப்பட்டவனின் உண்மை தேவனுக்கு முன்பாக எழுதப்பட்டிருக்கிறது.

இந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டே இன்னொரு பெயரைச் சொல்கிறேன். தேசியப் போர் நினைவிடத்தில் பரம் வீர் சக்கரம் பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. அவர்களுள் தமிழரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரனும் ஒருவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மாண்டவர். அந்த மண்ணில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் சிந்திய கண்ணீரையும் நாம் அறிவோம். அங்கே இருந்து அகதிகளாய் வந்தவர்கள் நம் சபைகளில் நம்மோடு அமர்ந்து ஆராதிக்கிறார்கள். ஒரு பக்கத்தின் துக்கத்தை மட்டும் நினைவுகூருகிறவன் பாதி நினைவுகூருகிறான். போரைப் புகழ்வதற்காக அல்ல, போரின் விலையை அறிவதற்காகவே நாம் அந்தச் சுவர்களுக்கு முன் நிற்கிறோம். மிகுந்த இரத்தத்தைச் சிந்தினபடியினால் தாவீது ஆலயத்தைக் கட்ட அனுமதிக்கப்படவில்லை என்பதையும் மறவாதிருங்கள் (1 நாளாகமம் 22:8).

தன் உடலால் மூடியவர்

செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணிபுரிந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்னும் இடத்துக்கு அருகே, கண்ணிவெடிகளை அகற்றும் குழுவில் இருந்தார். ஒரு வெடி இயங்கத் தொடங்கிவிட்டது. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. அவர் ஓடவில்லை. அதன்மேல் தன் உடலைப் போட்டு மூடினார். அருகிலிருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் மாண்டார். ஜார்ஜ் கிராஸ் விருது அவருடைய மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது.

சிநேகிதருக்காக உயிரைக் கொடுப்பதிலும் மேலான அன்பு இல்லை என்று நம்முடைய ஆண்டவர் சொன்னார் (யோவான் 15:13). அந்த அன்பின் சாயலை அந்தச் செயலில் காண்கிறோம். ஆனாலும் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாய் அறியவேண்டும். வீரனுடைய தியாகம் சிலரைச் சில ஆண்டுகள் வாழவைக்கும்; பாவத்தை நீக்க அதனால் கூடாது. சிநேகிதருக்காக மட்டுமல்ல, சத்துருக்களாயிருந்த நமக்காகவும் மரித்தவர் ஒருவரே (ரோமர் 5:10). அவருடைய இரத்தத்தை வேறெந்த இரத்தத்தோடும் சமமாக்காதிருப்போமாக.

நாம் செய்யவேண்டியது

டெல்லி கன்டோன்மென்டின் பிரார் சதுக்கத்தில் 1951-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். இத்தகைய கல்லறைத் தோட்டங்களில், பெயர் தெரியாதவனுடைய கல்லில் தேவன் அவனை அறிவார் என்ற பொருள்படும் சொற்களை எழுதுவது வழக்கம். மனிதருடைய நினைவு முடிகிற இடத்திலும் தேவனுடைய நினைவு முடிவதில்லை.

ஆனால் தேவன் அறிவார் என்று சொல்லி நாம் சும்மாயிருக்கலாகாது. உங்கள் சபையைச் சுற்றிப் பாருங்கள். எல்லையில் மகனை வைத்துக்கொண்டு, கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் நடுங்குகிற தாய் அங்கே இருக்கலாம். இளவயதில் கணவனை இழந்து, ஜனவரி 26 அன்று மட்டும் மேடைக்கு அழைக்கப்பட்டு, மற்ற 364 நாட்களும் தனியே ஜெபிக்கிற சகோதரி இருக்கலாம். கல்லுக்கு மலர் வைத்துவிட்டு விதவையை மறந்தால், நம்முடைய தேவபக்தி மாசில்லாததாய் இராது (யாக்கோபு 1:27).

ஆகவே, அன்பானவர்களே, சபையின் வாலிபரை ஒரு சனிக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் சொந்த மாவட்டத்திலிருந்து போன ஒருவரின் பெயரையாவது அறிந்து திரும்பட்டும். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று மனமுவந்து காணிக்கை கொடுங்கள். ஓய்வூதியக் காகிதங்களோடு அலைகிற வீரரின் குடும்பம் உங்கள் சபையில் இருந்தால், படித்த சகோதரர் ஒருவர் அவர்களோடு அலுவலகத்துக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு என்பதை அவர்களுக்குத் தெரிவியுங்கள். அதிகாரத்திலுள்ளவர்களுக்காக ஜெபிக்கும்போது (1 தீமோத்தேயு 2:1, 2), அவர்கள் அனுப்புகிற பிள்ளைகளுக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

ஒரு நாள் வருகிறது. அன்று பட்டயங்கள் மண்வெட்டிகளாகும். ஜாதிகள் இனி யுத்தத்தைக் கற்பதில்லை (ஏசாயா 2:4). அந்த நாளுக்குப் பின் எந்தச் சுவரிலும் புதிய பெயர் செதுக்கப்படாது. அதுவரைக்கும் சமாதானப் பிரபுவாகிய கர்த்தர் நம்முடைய எல்லைகளையும் இல்லங்களையும் காத்து, நன்றியுள்ள ஜனமாய் நம்மை நடத்துவாராக. ஆமென்.