சுக்கானும் முஅல்லிமும்

அரபு இலக்கணம் போதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், ஐம்பது வயதுக்கு மேல் படகு கட்டினான் என்றால் கேட்பவர் நகைப்பர். அதுவும் ஓசூரில்! கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி நிற்கும் ஊர் இது. இங்கே சங்கொலி என்றால் சிப்காட் தொழிற்சாலைகளின் சங்கொலிதான். கப்பலின் சங்கு அன்று. எனினும் கட்டினேன். நான் கட்டினேன் என்பதைவிட, என் மகன் கட்டியதற்கு உடனிருந்தேன் என்பதே நேர்மை.

அவனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் வயதில் அவனை ஹிஃப்ளு வகுப்பில் சேர்த்தேன். 11 ஜுஸ்வு மனனம் செய்தான். பிறகு நின்றுவிட்டான். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தான். நான் அவனைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அதனினும் கொடியதைச் செய்தேன். அதுபற்றி அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மதரஸா மூடப்பட்டது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அத்திப்பள்ளிச் சாவடியில் எல்லை அடைபட்டது. ஆண்டுக் கணக்கில் ஸலாமும் சாப்பாடும் தவிர வேறு பேச்சற்றிருந்த தந்தையும் மகனும் ஒரே கூரையின்கீழ் நாள் முழுதும் இருக்க நேர்ந்தது.

ஒருநாள் லுஹருக்குப் பின் அவன் அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக் கொண்டிருந்தான். பெங்களூரில் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்தவை: சிறு மோட்டார், மின்கலம், எஃகுத் தண்டு, நீரைத் தள்ளும் விசிறி, கையில் பிடித்து இயக்கும் வானொலிக் கருவி. முன்பே அப்பெட்டியைக் கண்டு, 'இஸ்ராஃப்' என்று மனத்துள் தீர்ப்பெழுதியிருந்தேன். அன்றுதான், "இது எதற்கு?" என்று கேட்டேன். கரையில் நின்றபடியே வானொலி அலையால் செலுத்தும் பந்தயப் படகு, நீளம் 60 சென்டிமீட்டர் என்றான். உறுப்புகளெல்லாம் கடையில் கிடைக்கும். படகின் உடலை மட்டும் மரத்தால் தானே கட்ட ஆசை. ஆனால் பலகை இல்லை, கடைகளும் இல்லை என்றான்.

என் கிதாபு அலமாரியின் முதுகில் மெல்லிய பிளைவுட் பலகை அறைந்திருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தேன். பிறகு கிதாபுகளை இறக்கி வைத்துவிட்டு, ஆணி பிடுங்கும் கருவியை எடுத்து வரச் சொன்னேன். அவன் என்னை ஏறிட்டு நோக்கிய பார்வை இன்னும் நினைவிலிருக்கிறது.

படகின் வேலை காகிதத்தில் தொடங்குகிறது. ஒவ்வோர் உறுப்பையும் முழு அளவில் வரைந்து, வெட்டி, பலகைமேல் ஒட்டி, ஆக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்தான். நடுவே நீண்ட அடிமரம். அதன்மேல் விலா எலும்புகள்போல் குறுக்குச் சட்டங்கள். அவற்றைத் தழுவி ஓடும் மெல்லிய சட்டங்கள். அடிப்பலகையை வெந்நீர்த் துணியால் நனைத்துப் பதமாக வளைத்தோம். ஒட்டுப்பசை உலரும் வரை துணி உலர்த்தும் கிளிப்புகளே பற்றிக்கொண்டன. மே மாதம் சில கடைகள் திறந்த பிறகு பிசின் வாங்கி உள்ளும் புறமும் பூசினோம். பிசின் ஏறாத பலகை நீரைக் குடித்து உப்பிவிடும்.

எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. கி.பி. 1206இல் தியார்பக்கர் அரசவையில் தம் நூலை முடித்த பொறியறிஞர் அல்-ஜஸரீயும் இவ்வாறே காகிதத்தில் மாதிரி செய்து பார்த்தவர். மரம் முறுக்கிக் கொள்ளாதிருக்கப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவர். அவருடைய சாதனங்களுள் ஒரு படகும் உண்டு. நீரின் விசையால் அதிலுள்ள இசைப் பதுமைகள் தாமே கையசைத்து வாசிக்கும். இத்தகைய நுட்பங்களை அரபியில் 'ஹியல்' என்பர். சட்ட நூல்களில் தந்திரம் என்ற பொருளில் மட்டுமே நான் கற்பித்து வந்த சொல் அது. அதற்குக் கைத்திறன் என்ற பொருளும் உண்டென்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுத் திண்ணையில் மரத்தூள் படிந்த மகனின் விரல்களைக் கண்டபோதுதான் விளங்கிற்று.

வானொலியால் படகைச் செலுத்துவதும் புதிதன்று. நிக்கோலா டெஸ்லா 1898இலேயே நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அதைச் செய்து காட்டி, அவ்வாண்டு நவம்பர் 8இல் காப்புரிமையும் பெற்றார். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அனுப்பும் கருவியையும் ஏற்கும் கருவியையும் ஒருமுறை இணைத்துவிட்டால், ஒரே நீரில் பல படகுகள் ஓடினாலும் ஒவ்வொன்றும் தன் கருவியின் கட்டளையை மட்டுமே ஏற்கும். கரையில் விரல் அசைந்தால் படகில் சுக்கான் அசையும்.

சுக்கான் என்ற அச்சொல் அரபியின் 'ஸுக்கான்'. மாலுமி என்ற சொல்லோ 'முஅல்லிம்' என்பதன் திரிபு. ஆசிரியனுக்கும் கப்பலுக்கு வழிகாட்டுபவனுக்கும் அரபியில் ஒரே பெயர். இதை மகனிடம் சொன்னபோது எனக்குச் சற்றுப் பெருமிதம் இருந்தது. அப்பெருமிதம்தான் அடுத்த தவற்றுக்கு வித்தாயிற்று.

மின்கலம்தான் படகில் மிகக் கனமான உறுப்பு. அதை எங்கே பொருத்துவது? "துலாக்கோலை நடுவில்தானே பிடிக்கிறோம்? கனமும் நடுவில் இருக்கட்டும்" என்றேன். அவன் ஒரு கணம் தயங்கி, "சரி, அத்தா" என்றான்.

பெருநாள் கழிந்து சில வாரங்களுக்குப் பின் படகை நீரில் விட எண்ணினோம். கெலவரப்பள்ளி அணை அருகில்தான்; ஆனால் பெங்களூர்க் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணையில் அடிக்கடி மலைபோல் வெண்ணுரை பொங்குவதால், மழைநீர் தேங்கிய ஒரு சிற்றேரியைத் தேர்ந்தோம். நெகிழிப் புட்டிகள் இரண்டை மிதவைகளாக நட்டு, பந்தய வழக்கப்படி அவற்றை வலப்புறமாகச் சுற்றத் திட்டம். நின்ற நிலையில் படகு அழகாகவே மிதந்தது. வேகம் கூட்டியதும் மூக்கை நீருக்குள் செருகியது. முதல் திருப்பத்திலேயே நீர் ஏறி நின்றுவிட்டது. உள்ளே தெர்மோகோல் அடைத்திருந்ததால் மூழ்கவில்லை. ஏற்கும் கருவியைப் பலூனுக்குள் கட்டியிருந்ததால் அதுவும் கெடவில்லை. அவன் இடுப்பளவு நீரில் இறங்கிப் படகை எடுத்து வந்தான்.

"மின்கலத்தை நடுவில் வைத்ததால்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா, அத்தா."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். நீங்க சொன்னப்புறம் நான் எப்படி மாத்திச் சொல்றது?"

அன்பர்களே, அந்த ஏரிக்கரையில் எனக்குப் பழைய காட்சி ஒன்று தோன்றியது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் எதிரில் நிற்கிறான். "நாளை முதல் ஹிஃப்ளு வகுப்பு" என்கிறேன். இதே குரலில் "சரி, அத்தா" என்கிறான். அதை நான் இசைவு என்று எடுத்துக்கொண்டேன், ஒருபோதும் கேட்டதில்லை. அன்று கரையிலேயே அமர்ந்து கேட்டேன். பாடம் ஒப்பிக்கும் ஒவ்வொரு காலையும் தன் கைகள் நடுங்கியதைச் சொன்னான். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றையும் சொன்னான். அந்த 11 ஜுஸ்வுகளை மறக்கவில்லை. இரவுப்பணிக்குச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்தில் இன்றும் ஓதிப் பார்த்துக்கொள்கிறான். எவரும் கேட்காததால் எவரிடமும் சொல்லவில்லை.

விரையும் படகு தன் பின்பகுதியில் அமர்ந்து, முன்பகுதியை நீருக்கு மேலே தூக்கி ஓட வேண்டும் என்று அவன் விளக்கினான். ஆகவே இத்தகைய படகின் எடைமையம் பின்பலகையிலிருந்து நீளத்தில் சுமார் 30 விழுக்காட்டில், அதாவது எங்கள் படகில் 18 சென்டிமீட்டரில், இருக்க வேண்டும். மின்கலத்தைப் பின்னே நகர்த்தி அடுத்த வாரம் விட்டான். இரு மிதவைகளையும் சுற்றி, நீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது.

"கட்டளை எட்டாத தொலைவுக்குப் போய்விட்டால்?" என்று கேட்டேன்.

"மோட்டார் தானா நின்னுடும், அத்தா. அப்படி முன்னமே அமைச்சு வச்சிருக்கேன். நின்ன இடத்துல மிதக்கும். நாம போய் எடுத்துக்கலாம்."

நான் கட்டளையிடுவதில் தேர்ந்தவன். போய் எடுத்துவரும் பக்கத்தைக் கல்லாதவன். அன்று முஅல்லிம் யார் என்று கேட்டால், கையில் கருவியோடு நின்றவனைத்தான் காட்டுவேன்.

கிதாபு அலமாரிக்கு இன்னும் முதுகுப் பலகை அறையவில்லை. சுவரின் சுண்ணாம்பு கிதாபுகளில் படிகிறது. வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது. விடுமுறை நாளில் அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தர நான் துடைக்கிறேன். அவன் ஓதுகிறான், பிழை வந்தால் திருத்துகிறேன். நான் ஏதேனும் தவறாகச் சொன்னால், இப்போது அவனும் சொல்லிவிடுகிறான்.