‘சாரி’ என்றொரு சொல்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்றோர் ஊர் உண்டு. வழிப்போக்கர் இளைப்பாறும் சத்திரத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். குச்சிக்கிழங்குக் காடுகளும் கோழிப்பண்ணைகளும் சூழ்ந்த அப்பகுதியில், முதியவர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று நான் சொன்ன ஒரேயோர் ஆங்கிலச் சொல் நெடுநாளாக என்னை உறுத்தி வந்தது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அம்முதியவரின் மனைவி படுத்த படுக்கையாயிருந்தார். ஒரு மாலை, அவருக்கு நோயில்பூசுதல் வேண்டுமென்று தொலைபேசியில் அழைத்தார்கள். நானோ திருவிழாக் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில் இருந்தேன். “காலையில் திருப்பலி முடிந்ததும் வருகிறேன்” என்று சொல்லிவிட்டேன். இரவில் மீண்டும் அழைத்திருக்கிறார்கள். கைபேசி ஒலியடங்கி மேசைமேல் கிடந்தது, நான் உறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தனர். அந்த அம்மா விடியுமுன்பே இறந்துவிட்டார்.

முதியவரின் கைகளைப் பற்றிக்கொண்டு, “சாரிங்க ஐயா” என்றேன். அவருக்குக் காது சற்று மந்தம். அருகில் நின்ற பேரனிடம், “சாமி என்ன சொல்றாரு?” என்று கேட்டார். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் அச்சிறுவன், “சாமிக்கு வருத்தமா இருக்குதாமுங்க தாத்தா” என்றான். முதியவர் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பில்தான் என் பிழை இரட்டிப்பாயிற்று.

அன்பர்களே, ‘சாரி’ என்னும் சொல்லைப்போல் இன்று நம் நாவில் புரளும் பிறமொழிச் சொல் வேறொன்று உண்டா? பேருந்தில் காலை மிதித்தாலும் சாரி; சில்லறை இல்லாவிட்டாலும் சாரி; காதில் சரியாக விழாவிட்டாலும் சாரி; கேட்ட உதவியை மறுப்பதற்கும் சாரி; துக்க வீட்டிலும் சாரி. ஆங்கிலத்திலேயே அதற்குப் பல முகங்கள் உண்டு. பரிதாபமான நிலையைக் குறிக்கவும் அதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அது புண்ணையும் வலியையும் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ‘எனக்கு வலிக்கிறது’ என்பதே அதன் தொடக்கப் பொருள். யாரால் வந்த வலி என்பதை அச்சொல் சொல்வதில்லை.

அதன் உறவுச் சொற்களும் அப்படியே. ‘அப்பாலஜி’ என்பதை இன்று மன்னிப்புக் கோருதல் என்கிறோம். அதன் மூலமான ‘அப்பொலொகியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கோ தன்பக்க நியாயத்தை எடுத்துரைத்தல் என்று பொருள். இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் எழுதிய நூல் அப்பெயர் பெற்றது, கிறிஸ்தவ மறைக்காக அவர் வாதாடியதால்தான். ‘ரிக்ரெட்’ என்பது அலுவலகக் கடிதங்களின் சொல். வருந்துவது யார் என்பதே அதில் தெரியாது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமைக்காக, 1999-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ‘ஆழ்ந்த வருத்தம்’ தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ‘சாரி’ என்று சொல்லப் பிரதமர் ஜான் ஹோவர்டு இசையவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் அச்சொல்லைச் சொன்னபோது முதியோர் பலர் கண்ணீர் விட்டனர். அவர்கள் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்காகவே. நானோ அதே சொல்லை ஒளிந்துகொள்வதற்குப் பயன்படுத்தினேன். இரங்கல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு நல்லது. மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் என் மனச்சான்றுக்கு நல்லது. இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டேன்.

குருமடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. மனம் திரும்புங்கள் என்று ஆண்டவர் அழைக்கும்போது (மாற்கு 1:15) கிரேக்க மூலத்தில் ‘மெத்தானோயா’ என்னும் சொல்லின் வினை வருகிறது. அது உள்ளம் திசைமாறுவதைக் குறிக்கும். யூதாசு மனம் வருந்தினான் என்னுமிடத்தில் (மத்தேயு 27:3) வேறொரு வினை வருகிறது. யூதாசு வருந்தினான், வெள்ளிக் காசுகளைத் திருப்பியும் கொடுத்தான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பி வரவில்லை. பேதுருவோ மனங்கசந்து அழுதார், திரும்பியும் வந்தார். வருந்துதல் வழியின் பாதிதான். காயப்பட்டவர் முன் போய் நிற்பது மறுபாதி.

நம் தமிழிலோ ஒளிந்துகொள்ள இடமில்லை. ‘பிழை பொறுத்தருளுங்கள்’ என்னும்போதே, பிழை என்று ஒன்று நடந்ததை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பொறுத்தல் என்றால் சுமத்தல். நான் செய்த பிழையின் பாரத்தை நீங்கள் சுமக்கிறீர்கள் என்பதையும் அச்சொல் நினைவூட்டுகிறது. பொறுமையும் பொறுப்பும் அதே வேரில் கிளைத்தவை. பழைய கர்த்தர் கற்பித்த செபத்தில் ‘பொறுத்தல்’ இருந்த இடத்தில் இன்று ‘மன்னித்தல்’ இருக்கிறது. பொருள் தெளிவானதே, ஆயினும் அந்தச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நாற்பதாம் நாள் கழிந்தபின், யாரும் அழைக்காமலே புதுச்சத்திரம் சென்றேன். முதியவர் திண்ணையில் இருந்தார். அவர் காதருகே குனிந்து, “ஐயா, நீங்க கூப்பிட்ட அன்னைக்கே நான் வந்திருக்கணும். கணக்குப் பாக்கறதுதான் பெருசுன்னு இருந்துட்டேன். தப்பு என்னோடதுங்க. பொறுத்துக்கங்க” என்றேன்.

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அவ உங்களக் குறையா ஒண்ணும் சொல்லலீங்க சாமி. வாசலத்தான் பாத்துக்கிட்டே இருந்தா” என்றார்.

குற்றம் சுமத்தாத அந்தச் சொற்களைவிடக் கடுமையான தீர்ப்பை நான் கேட்டதில்லை. சிறிது நேரத்திற்குப்பின் அவரே, “உத்தம மனஸ்தாபம் சொல்லலாங்களா?” என்று கேட்டார். அச்செபத்தை இருவரும் சேர்ந்து சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த பேரனுக்கு ஓர் ஐயம். “மனஸ்தாபம்னா சண்டைதானுங்க சாமி? யாருக்கும் யாருக்கும்?”

பாவத்துக்காக உள்ளம் வெந்து துயருறுதல் என்று முன்னோர் வைத்த சொல், இன்று பேச்சுவழக்கில் இருவருக்கிடையே வந்த பிணக்காகிவிட்டது. பையன் கேட்டதில் பிழையில்லை. பாவமும் ஒரு பிணக்குத்தானே? “எனக்கும் கடவுளுக்கும் தம்பி. எனக்கும் உங்க தாத்தாவுக்கும்கூட” என்றேன்.

அது மட்டும் எப்படியோ முதியவர் காதில் விழுந்துவிட்டது. “நமக்குள்ள ஒண்ணுமில்லைங்க சாமி. காப்பி ஆறிப்போகுது, குடிங்க” என்றார்.

இப்போது இரவில் என் கைபேசி தலைமாட்டில் இருக்கிறது, ஒலியடங்காமல். ‘சாரி’ என்னும் சொல் இன்னும் என் வாயில் வரத்தான் செய்கிறது; பேருந்தில் யார் காலையாவது மிதித்துவிட்டால் அது போதும்.