கொல்லிமலையில் வாங்கிய பல்பு!

''மச்சி, 10 வாட்ஸ் ஃபோல்டிங் சோலார் பேனல் வாங்கியாச்சு. பேக்ல மாட்டிக்கிட்டா நடக்க நடக்க போன் சார்ஜ் ஏறும். உங்க ஊருக்கே கரண்ட் காட்டுறேன் பாரு!''

ஹாஸ்டல்ல நான் விட்ட பில்டப் இது. ரூம்மேட் அசரவே இல்லை. ''எங்க ஊர்ல கரண்ட் இருக்குடா. மழை வந்தாதான் போயிடும்'' என்றான் கூலாக.

அவன் ஊர் கொல்லிமலையில் குண்டனி நாடு. ஐப்பசிக் கடைசியில் சேர்ந்தாப்ல நாலு நாள் லீவு வர... நான், அவன், மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல இருந்து இன்னொருத்தன்னு மூணு பேரும் கிளம்பிட்டோம்.

70 வளைவு... 14 நாடு!

நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம் தாண்டினா காரவள்ளி. அங்கிருந்துதான் மலை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு! 20 வரைக்கும் உற்சாகமா எண்ணினேன். 30-ல் காலையில சாப்பிட்ட பொங்கல் தன் இருப்பைச் சொல்லிச்சு. 40-க்கு மேல கண்ணை மூடிட்டேன். திறந்தப்போ சோளக்காடு. காது அடைச்சுப்போய், மூக்குல வாழைப்பழ வாசனை. வெளியே ஜில்லுனு காத்து.

செம்மேட்டுல இறங்கி அடுத்த பஸ். கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவருக்கு செம்மேட்டுல சிலை இருக்கு. இங்கே ஊராட்சிக்குப் பேரே 'நாடு'தான். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டனி நாடுன்னு மொத்தம் 14. பாஸ்போர்ட் இல்லாம ஒரே நாள்ல ரெண்டு மூணு நாடு சுத்திப் பார்த்தவன்னு காலேஜ்ல சொல்லிக்கலாம்!

இங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துட்டு கேரளான்னு நினைச்சுடாதீங்க. மலையில வாழறவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேர் அது. சரிவெல்லாம் சாமை வயல். உயர உயரமா சில்வர் ஓக் மரம், அதுல சுத்தி ஏறின மிளகுக்கொடி, அடியில காபிச் செடி. 'வாவ்'னு போட்டோவா எடுத்துத் தள்ளினேன். அந்த நிழல்தான் நாளைக்கு எனக்கு வில்லன்னு அப்போ தெரியலை!

ரூம்மேட்டோட அத்தை வீட்டுலதான் தங்கல். ''வாங்க தம்பிகளா, நனையாம வந்து சேர்ந்தீங்களா?''ன்னு கேட்டுட்டே சுடச்சுட காபி. நான் பேக்ல இருந்து பேனலை எடுத்து, நாலா விரிச்சு, சின்ன லெக்சரே எடுத்தேன். அத்தை பொறுமையா கேட்டுட்டு, ''வெயில் வந்தா நல்லா வேலை செய்யும்ல?''ன்னு மட்டும் கேட்டாங்க. அந்த 'வந்தா'வை நான் கவனிக்கலை.

10 வாட்ஸ் எங்கே போச்சு?

ராத்திரி செம மழை. ஒன்பது மணிக்கு கரண்ட் போச்சு. எங்கேயோ மரம் விழுந்து லைன் அறுந்துடுச்சுன்னு காலையில தகவல் வந்தது. மழை விட்டாத்தான் லைன்மேன் வேலை பார்க்க முடியும்.

'ஆஹா, நம்ம என்ட்ரி!'ன்னு பேனலை வாசல்ல விரிச்சேன். சுத்தி ஒரே மூட்டம். பத்தடி தள்ளி நின்ன மாடுகூடத் தெரியலை. யு.எஸ்.பி. மீட்டரைச் சொருகினா 0.9 வாட்ஸ்! பத்து எங்கே... ஒண்ணுகூட இல்லாத இது எங்கே!

காரணம் சிம்பிள். அட்டையில போட்டிருக்கிற 10 வாட்ஸ், ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட்ஸ் வெயில் விழற டெஸ்ட் கண்டிஷனுக்கு. மூட்டத்துல அதுல பத்துல ஒரு பங்கு வந்தாலே பெரிசு. இதுல மத்தியானம் லேசா வெளிச்சம் வந்தப்போ, சில்வர் ஓக் நிழல் பேனல் ஓரத்துல விழுந்துச்சு. பேனல்ல செல்லெல்லாம் வரிசையா கோத்திருக்கும். ஒரு செல் நிழல்ல மாட்டினா மொத்த வரிசையும் படுத்துடும். 

அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தேன். என் போன் பேட்டரி 5000 எம்.ஏ.ஹெச். அது ஃபுல் ஆக சுமார் 19 வாட் அவர் வேணும். 0.9 வாட்ஸ் ஆறு மணி நேரம் வந்தா 5.4. வழியில வீணாகிறது போக நாலு தேறும். அதாவது நாள் முழுக்கக் காத்திருந்தா 20 பர்சன்ட்! அதுவும் வரலை. மேகம் போகப் போக சார்ஜிங் விட்டு விட்டு வந்ததுல போன் பாதி நேரம் 'சார்ஜர் கனெக்ட் பண்ணவும்'னு கெஞ்சிச்சு.

இருந்த சார்ஜையும் டவர் தின்னுடுச்சு. சிக்னல் வீக்கா இருந்தா டவரைப் பிடிக்க போன் அதிகப் பவர்ல கத்தும். கத்தக் கத்த பேட்டரி காலி. சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்க்ரீன் கறுப்பாச்சு. கொண்டுவந்த பவர் பேங்க்கை மெக்கானிக்கல்காரன் முதல் நாள் ராத்திரியே வீடியோ பார்த்து முடிச்சுட்டான். ரூம்மேட் போனும் மத்தியானமே அவுட்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. 'போய்ச் சேர்ந்ததும் பேசுறேன்மா'ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்து முழுசா ஒரு நாள் ஆச்சு!

அத்தை கொடுத்த பல்பு

அத்தை உள்ளே போய் ஒரு பட்டன் போனை எடுத்துட்டு வந்தாங்க. பேட்டரி கட்டம் ஃபுல்லா நிக்குது. ''இதுல பேசு தம்பி. அம்மா நம்பர் சொல்லு.''

ஙே!

எனக்கு அம்மா நம்பர் தெரியாது. மூணு செமஸ்டர் மேத்ஸ் ஃபார்முலா மனப்பாடம். அம்மா நம்பர், போன்ல 'அம்மா'தான்!

அத்தை சிரிக்கலை. ஜன்னல் ஓரத்துல இருந்த சின்ன எல்.இ.டி. விளக்கை எடுத்தாங்க. அதோட ஒரு நோட்டுப் புத்தகம் சைஸ்ல பேனல். காலையில கூரை மேல பார்த்துட்டு, ஏதோ தகர அட்டைன்னு நான் நினைச்சது அதுதான்! விளக்குப் பின்னாடி போன் சார்ஜ் பண்ண ஒரு ஓட்டை. ''இதுல பத்து நிமிஷம் சொருகு. நம்பரை எடுத்துக்கிட்டு அணைச்சுடு. விளக்குக்கும் மாமா போனுக்கும் மிச்சம் வேணும்.''

பத்து நிமிஷத்துல என் போன் கண் திறந்துச்சு. நம்பரை உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். சோலார் லெக்சர் எடுத்தவனுக்கே பல்பு!

எல்லா இடத்துலயும் டவர் கிடைக்காது. மேட்டுல ஒரு பாறை இருக்கு, அங்கேதான். விளக்கைப் பிடிச்சுக்கிட்டு அத்தை முன்னால நடக்க, வழுக்கி வழுக்கிப் பின்னால நாங்க. போற வழியிலதான் சொன்னாங்க. மாமா கேரளாவுல தோட்ட வேலை. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவார். அன்னிக்கு சனிக்கிழமை.

''ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி மழை தம்பி. மூணு நாள் கரண்ட் இல்லை. பாப்பாவுக்கு நடுராத்திரியில காய்ச்சல் தூக்கிப்போட்டுச்சு. 108-க்குச் சொல்லணும். போன் செத்துக் கிடக்கு. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, சார்ஜ் இருக்கிற போனைத் தேடி அடுத்த ஊருக்கு நடந்தோம். அன்னையில இருந்து வெயிலோ மூட்டமோ, காலையில எழுந்ததும் முதல் வேலை இதைக் கூரையில வைக்கிறதுதான்.''

நான் எதுவும் பேசலை. அந்தப் பாப்பா இப்போ ஏழாவது படிக்கிறா. கிளம்பறப்போ, ''விளக்கைச் சீக்கிரம் கொண்டாங்க, ஹோம் வொர்க் இருக்கு''ன்னு எங்களை அதட்டி அனுப்பினதே அவதான்!

எட்டு மணிக்கு மாமா கூப்பிட்டார். மூணு நிமிஷம். மழை, மிளகு, பாப்பா படிப்பு... முடிஞ்சது. அடுத்து என் அம்மா. ''யார் நம்பர்டா இது?''ன்னு ஆரம்பிச்ச திட்டு அப்படியே அழுகையாப் போச்சு. அந்த ஒரு காலுக்கு எத்தனை வாட் அவர்னு கணக்கு போட எனக்கு மனசு வரலை.

பெரிய பேனலா, சின்னத் தேவையா?

பட்டன் போன் பேட்டரி பெரும்பாலும் 1000 எம்.ஏ.ஹெச். சுமார் 3.7 வாட் அவர்தான். அதே மூட்டம், அதே பேனல், அதே ஒரு நாள். என் போனுக்கு 20 பர்சன்ட், அத்தை போனுக்கு ஃபுல்! அதையும் தேவைப்பட்டாத்தான் ஆன் பண்றாங்க. கூடவே, நல்ல வெயில் நாள்லயே விளக்கு பேட்டரியை நிரப்பி வெச்சிருந்தாங்க. 'எவ்வளவு பெரிய பேனல்?'னு நான் கேட்டேன். 'எனக்கு எவ்வளவு போதும்?'னு அத்தை கேட்டிருக்காங்க. இஞ்சினீயரிங்ல முதல்ல கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே!

இதைப் பிடிச்சவங்க ஜெயிச்சிருக்காங்க. மேற்கு வங்க கிராமம் ஒண்ணுல லாரி பேட்டரியில ஓடின பி.சி.ஓ.வையும், அந்த பேட்டரியை சார்ஜ் பண்ண வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போறதையும் பார்த்த மைக்ரோமேக்ஸ் நிறுவனர் ராகுல் சர்மா, 2008-ல் கொண்டுவந்த போன் எக்ஸ்1ஐ. ஒரு சார்ஜுக்கு 30 நாள் ஸ்டாண்ட்பை! 2009-ல் சாம்சங் முதுகுல பேனல் வெச்ச 'சோலார் குரு' போனை இந்தியாவுல இறக்கிச்சு. ஒரு மணி நேர வெயிலுக்கு 5 முதல் 10 நிமிஷப் பேச்சு. நமக்கு அது மொக்கை. நடுராத்திரி 108-க்கு அது தாராளம்.

மலாவி நாட்டுல 2002-ல், ஃபீஸ் கட்ட முடியாம ஸ்கூலை விட்டு நின்ன 14 வயசுப் பையன் வில்லியம் காம்க்வாம்பா, லைப்ரரி புத்தகத்தைப் பார்த்து, சைக்கிள் பார்ட்ஸை வெச்சு ஒரு காத்தாடி செஞ்சான். வீட்டுல பல்பு எரிஞ்சுது. அக்கம்பக்கத்து ஜனம் செல்போன் சார்ஜ் பண்ண அவன் வீட்டுக்கு வந்து நின்னுச்சு!

மூணாவது நாள் காலையில ஓடைக்குக் குளிக்கப் போனோம். மழைத் தண்ணி சும்மா பாய்ஞ்சு வருது. மெக்கானிக்கல்காரன் திடீர்னு பக்கெட்டைப் பிடிச்சு அளக்க ஆரம்பிச்சுட்டான். நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணி ரெண்டு மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா சுமார் 20 வாட்ஸ். பாதி வீணானாலும் பத்து. மூட்டத்துல என் பேனல் தர மறுத்த அதே பத்து! அதுவும் ராத்திரி பகல் 24 மணி நேரம். மழை வந்தா சோலார் படுக்கும், ஓடை எழுந்துக்கும். கோடையில ஓடை வத்தும், வெயில் வந்துடும். ஆக ரெண்டும் வேணும். வீட்டுல இருந்து ஓடை எவ்வளவு தூரம், வயர்ல எவ்வளவு வீணாகும்னு ரூம்மேட் அடி அளந்து குறிச்சுக்கிட்டான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெடி!

நீங்களும் பேக் மாட்டுறீங்களா?

* பேனல்ல இருந்து நேரா போனுக்குப் போகாதீங்க. பகல்ல பவர் பேங்க்கை நிரப்புங்க. ராத்திரி அதுல இருந்து போன்.
* அட்டையில போட்ட வாட்ஸை நம்பாதீங்க. நல்ல வெயில்லயே கொஞ்சம் குறையும். மூட்டம்னா பத்துல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க.
* பேனல் வெயில்ல, போன் நிழல்ல. சூடு பேட்டரிக்கு எமன்.
* சூடு பேனலுக்கும் ஆகாது. மலைக் குளிர்ல வெயில் அடிச்சா அதை விட்டுடாதீங்க, அப்போ கரண்ட் நல்லா வரும்.
* டவர் இல்லாத இடத்துல ஃப்ளைட் மோட்.
* முக்கியமா, ரெண்டு நம்பரையாவது மனப்பாடம் பண்ணுங்க!

கிளம்பறப்போ என் பேனலை அத்தைகிட்ட நீட்டினேன். ''எனக்கு இதுவே போதும் தம்பி. நீ வெச்சுக்க, ஊர் சுத்துற பிள்ளை''ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. கூடவே ஒரு பை நிறைய சாமை அரிசி. ஓரி ஆண்ட மலையாச்சே!

போன வாரம் ஹாஸ்டல்ல மூணு மணி நேரம் கரண்ட் கட். மொத்த ஃப்ளோரும் பவர் பேங்க் தேடி ஓடிச்சு. நான் மட்டும் அசையாம படுத்திருந்தேன். இப்போ எனக்கு ரெண்டு நம்பர் மனப்பாடம். ஒண்ணு அம்மாவோடது, இன்னொண்ணு அத்தையோடது. ரெண்டுக்கும் சார்ஜே தேவையில்லை!