கடலூரில் உப்புக்காற்று, சிதம்பரத்தில் ஒட்டுச்சுவர்... குறைந்த செலவில் வீட்டிலேயே பேஸ் கிட்டார் பழகுவது எப்படி?

கடலூரில் சிதம்பரம் செல்லும் தனியார் பேருந்தில் ஏறினால், வண்டி கிளம்புவதற்கு முன்பே பாட்டு கிளம்பிவிடும். பெரும்பாலும் இளையராஜா. அந்தப் பாட்டில் காதுக்கு முன் முதுகுக்குக் கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. இருக்கைக் கம்பி வழியாக 'தும்... தும்...' என்று ஏறிவரும் அந்தக் கனத்த நாதம்தான் பேஸ் கிட்டார். அதே பாட்டை செல்போன் ஸ்பீக்கரில் போட்டால் அது பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

இளையராஜா குழுவில் சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் என, பெயர் தெரியாமலே நாம் ரசித்த விரல்கள் இவை. இன்னிசைக் கச்சேரி மேடைகளில் பல நேரம் கீ-போர்டு வாசிப்பவரின் இடது கையே இந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. தனியாக பேஸ் வாசிக்கத் தெரிந்தவர் கிடைப்பது குறைவு என்பதுதான் காரணம்.

கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைக்கு முதல் தடை காசு. கிட்டார் வாங்கும்போதே 'ஆம்ப் இல்லாமல் எப்படி?' என்று கேள்வி வரும். இரண்டையும் சேர்த்து வாங்கினால் பட்ஜெட் இரட்டிப்பாகிவிடும். வாங்கிய பிறகுதான் அடுத்த தடை தெரியும்: வீட்டில் அதைச் சத்தமாக வாசிக்கவே முடியாது. தவணை கட்டி முடிப்பதற்குள் கிட்டார் பீரோ மேல் ஏறிவிடும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான சுமார் 45 கிலோமீட்டரில், இந்தப் பிரச்னையின் இரண்டு முகங்களையும் பார்த்துவிடலாம்.

தேவனாம்பட்டினம்: துருதான் எதிரி

சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே புரியும். உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. பேஸ் கிட்டாரின் தந்திகள் இரும்பும் நிக்கலும் கலந்தவை. விரல் வியர்வையும் கடல் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே நாதம் மங்கிவிடும். பேஸ் தந்தி செட், சாதாரண கிட்டார் தந்தியைவிட விலை அதிகம் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

தீர்வுக்குச் செலவே இல்லை. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்துவிட வேண்டும். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைக்கலாம். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டக் கூடாது. மழைக்காலத்தில் தரையிலும் வைக்கக் கூடாது. 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கரண்ட் இன்னொரு விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர் போனது பலா மரம். இசைக்கு மரம் கொடுத்த மாவட்டம் இது. இங்கே பேட்டரியில் ஓடும் கருவியாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

பரங்கிப்பேட்டை வழி: வெளியூர் வாத்தியம் புதிதல்ல

சாலை தெற்கே இறங்கினால், போர்த்துக்கீசியர்கள் 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்த பரங்கிப்பேட்டை வந்துவிடும். வெளிநாட்டு வாத்தியம் கரையேறுவது சோழமண்டலக் கரைக்குப் பழகிய கதை. சென்னை கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டுத்தான் பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்றார் என்பார்கள். இன்று வயலின் இல்லாத கர்னாடகக் கச்சேரியே அபூர்வம். பேஸ் கிட்டாருக்கு வயது அவ்வளவு இல்லை. ஃபெண்டர் நிறுவனம் தன் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951-ல்தான்.

சிதம்பரம்: சுவர் தாண்டும் நாதம்

சிதம்பரத்தின் நான்கு வீதிகளையும் அதன் சந்துகளையும் சுற்றினால், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நிறைய. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் நாகஸ்வரமும் தவிலும் வீதியையே அதிரவைக்கும் ஊர். அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இரவு ஒன்பது மணிக்கு 'தும் தும்' என்றால் மட்டும் கதவு தட்டப்படும்.

இதில் அறிவியலும் உண்டு. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே. அந்த ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 27 அடி. இவ்வளவு நீண்ட அலைக்கு மெல்லிய சுவர் பெரிய தடையே இல்லை. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையலாம். பக்கத்து வீட்டுக்குப் போகும் பேஸ் குறையாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பதுதான் அரசு விதித்த அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

அண்ணாமலை நகரிலும் இதே கதைதான். தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் இசை சொல்லிக்கொடுத்த பல்கலைக்கழகம் அது. ஆனாலும் அறையில் மூன்று பேர் தங்கி, ஒருவர் பரீட்சைக்குப் படிக்கும்போது இன்னொருவர் ஆம்ப்பைத் திறக்க முடியாது. ஆக, விடை ஹெட்போன்தான்.

எதை வாங்கலாம், எதை வேண்டாம்?

* ஹெட்போன் ஆம்ப்: உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. கிட்டாரின் ஓட்டையில் நேராகச் செருகலாம். வாக்ஸ் நிறுவனத்தின் 'ஆம்ப்ளக் பேஸ்' இந்த ரகம். இரண்டு சின்ன பேட்டரி போதும். செல்போனிலிருந்து பாட்டை இணைத்து கூடவே வாசிக்கலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆரம்பிப்பவருக்கு முதல் தேர்வு இதுதான்.

* ஆடியோ இன்டர்ஃபேஸ்: வீட்டில் லேப்டாப் இருந்தால் பெஹ்ரிங்கர் யு.எம்.2 போன்ற சிறிய பெட்டி போதும். 'இன்ஸ்ட்' என்று போட்ட ஓட்டையில் கிட்டாரைச் செருக வேண்டும். இலவச மென்பொருளில் ஒலிப்பதிவும் செய்யலாம். தன் வாசிப்பைத் தானே கேட்பதைவிடக் கறாரான வாத்தியார் இல்லை.

* சிறிய பிராக்டீஸ் ஆம்ப்: செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பார்க்கலாம். 'பேஸ்' ஆம்ப்பாகவும், ஹெட்போன் ஓட்டை உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

* வேண்டாதவை: புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். தந்தியைத் தட்டிய பிறகு சத்தம் தாமதமாக வரும், தாளமே போய்விடும். வயர் ஹெட்போன்தான் சரி. வீட்டு ஹோம் தியேட்டரில் செருகிச் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியலாம். லேப்டாப்பின் மைக் ஓட்டையிலும் நேராகச் செருகக் கூடாது. ஆம்ப்பின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டு மாட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஹெட்போனிலும் அளவு தேவை. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

சரளி வரிசையே போதும்!

பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைக்கு பேஸ் அந்நியமாகத் தெரியாது. தடித்த தந்தியிலிருந்து வரிசையாக நான்கு தந்திகளும் நம் கணக்கில் 3 கட்டை, 6 கட்டை, 2 கட்டை, 5 கட்டை. ஒரு தந்தியை சட்ஜமாக வைத்தால், அடுத்த தந்தி அதன் சுத்த மத்தியமம்.

மாயாமாளவகௌளையை இப்படி வாசித்துப் பார்க்கலாம். தடித்த தந்தியில் விரல் வைக்காமல் ஸ, முதல் கட்டத்தில் ரி, நான்காவதில் க. அடுத்த தந்தியில் விரல் வைக்காமல் ம, இரண்டாவது கட்டத்தில் ப, மூன்றாவதில் த. மூன்றாவது தந்தியில் முதல் கட்டத்தில் நி, இரண்டாவதில் மேல் ஸ. மெட்ரோனோம் ஆப்பை மெதுவாக ஓடவிட்டு, ஒன்றாம் காலம் சுத்தமாக வந்த பிறகு இரண்டாம் காலம். தினம் அரை மணி நேரம் போதும்.

பெரிய ஆம்ப்? கல்லூரி பேண்டிலோ, சர்ச் கொயரிலோ, கச்சேரிக் குழுவிலோ சேரும்போது அது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதுவரை மிச்சமாகும் பணத்தில் நல்ல கேபிள் ஒன்று, மாற்றுத் தந்தி செட் ஒன்று, கிட்டாரின் கழுத்து வளைவையும் தந்தி உயரத்தையும் சரிசெய்ய ஒரு செட்-அப் என்று செலவிடலாம். தந்தி உயரமாக இருந்தால் விரல் வலிக்கும். வலித்தால் பிள்ளை கிட்டாரைத் தொடாது. பீரோ மேல் ஏறும் கிட்டார்களில் பல, இந்த ஒரு வேலையைச் செய்யாததால் ஏறியவைதான்!